சாவியைக் கொடுக்கும் முன்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 1:5-10, யாத்திராகமம் 21:28-30, லூக்கா 16:10-12



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்து, கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பும் காலம் இது. நம்முடைய வீடுகளில் இந்த நாட்களில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே நடக்கின்றன. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்பது ஒன்று. எந்த வண்டி என்பது மற்றொன்று. வசதியுள்ள வீடுகளில் காரைப் பற்றியும், மற்ற வீடுகளில் தவணைக்கு வாங்கும் பைக்கைப் பற்றியும் பேசுகிறார்கள். மதிப்பெண் நன்றாக வந்தால் வண்டி வாங்கித் தருவதாகப் பத்தாம் வகுப்பிலேயே வாக்குக் கொடுத்துவிட்ட தகப்பன்மார் நம் சபையிலும் உண்டு. பிள்ளைகள் தங்கள் பங்கை நிறைவேற்றிவிட்டார்கள். இப்போது அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாரம் வேதத்தில் நான் தியானித்த பகுதி இந்தக் காரியத்தை நேராகத் தொடுகிறது. ஆகையால் சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம். அன்பினால் எழுதப்படுகிறது என்று எண்ணிப் பொறுமையாய் வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

கேள்வி கேட்காத தகப்பன்

தாவீது முதிர்வயதாகிப் படுக்கையில் கிடக்கும்போது, அவனுடைய மகன் அதோனியா தனக்கென்று இரதங்களையும் குதிரைவீரரையும், முன்னே ஓட ஐம்பது பேரையும் சேர்த்துக்கொண்டு, தானே ராஜா என்று தன்னை உயர்த்திக்கொண்டான். இதைச் சொல்லும் வேதம், அடுத்த வசனத்தில் ஒரு குடும்ப இரகசியத்தை வெளிப்படுத்துகிறது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவனுடைய தகப்பன் அவனை ஒருநாளும் கேட்டு வருத்தப்படுத்தியதில்லையாம். மகன் அழகானவன், அப்சலோமுக்குப் பின் பிறந்தவன் என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

அப்சலோமின் பெயர் அங்கே காரணமில்லாமல் வரவில்லை. 2 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அவனும் இரதத்தையும் குதிரைகளையும் முன்னே ஓட ஐம்பது பேரையும் ஏற்படுத்திக்கொண்டுதான் தன் கலகத்தைத் தொடங்கினான். அந்தக் கலகம் எங்கே முடிந்தது என்பதும் நமக்குத் தெரியும். அவன் ஏறியிருந்த கோவேறு கழுதை மரத்தின் கீழே ஓடிப்போயிற்று. அவனோ மரத்தில் தொங்கினான். வாசலின் மேலறையில் ஏறி, மகனுக்குப் பதிலாக நான் செத்திருக்கலாகாதா என்று தகப்பன் புலம்பினான். அவ்வளவு கண்ணீர் சிந்திய தாவீது, அடுத்த மகனும் இரதங்களைச் சேர்க்கும்போது வாய் திறக்கவில்லை. ஒருவேளை, முதல் மகனை இழந்த துக்கமே அவனை வாயடைத்துப்போகச் செய்திருக்கலாம். இருக்கிற பிள்ளையையாவது மனம் நோகாமல் வைத்துக்கொள்வோம் என்று அவன் எண்ணியிருக்கலாம். அந்த மௌனம் அதோனியாவைக் காப்பாற்றவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவனும் கொல்லப்பட்டான்.

பிள்ளை முகம் வாடக் கூடாது என்று மறுப்பைத் தவிர்ப்பது, பிள்ளையின்மேல் உள்ள அன்புபோலத் தோன்றும். பல வேளைகளில் அது நம்முடைய மன அமைதியின்மேல் நமக்குள்ள அன்புதான். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான், கதவை அடைத்துக்கொள்வான், தாயாரிடம் மட்டும் பேசுவான். அதைத் தாங்க நமக்குப் பெலனில்லை. ஆகவே சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் சொல்வதும் வேதம் சொல்வதும்

நம் நாட்டில் 18 வயது நிரம்பாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு மட்டும் 16 வயதில் அனுமதி உண்டு. ஆனால் இன்று நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் பெரும்பாலும் 100 சிசியும் அதற்கு மேலுமானவை. எனவே "ஸ்கூட்டிதானே" என்பது சட்டத்துக்கு முன் நிற்காத வாதம். பிளஸ் டூ முடிக்கும்போது நம் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை பழகுநர் உரிமம் கிடைக்காது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தாங்கள் எல்லா முயற்சியும் செய்தோம் என்றோ மூத்தவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். விபத்தில் பிறருக்குச் சேதம் நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிப்பதும் உண்டு. ஒரு மாலை நேர ஓட்டத்துக்காக ஒரு குடும்பம் வீட்டை விற்க நேரிடும்.

இதைக் கடுமையான புதுச் சட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தால் இது மிகப் பழைய நியாயம் என்று தெரியும். ஒருவனுடைய மாடு ஒரு மனுஷனை முட்டிக் கொன்றால் என்ன செய்வது என்று அங்கே கர்த்தர் கற்பிக்கிறார். அந்த மாடு முன்பு முட்டினதில்லை என்றால், உரிமையாளன் குற்றமற்றவன். முட்டுகிற மாடு என்று தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப்பழி அவன்மேல் வரும். "மாடுதானே முட்டியது, நான் முட்டவில்லையே" என்று அவன் சொல்ல முடியாது. அவன் அறிந்திருந்தான் என்பதும், அறிந்தும் அடக்காதிருந்தான் என்பதுமே அவனுடைய குற்றம்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளையும் உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கு. இங்கே இன்னும் யாரும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். விழக்கூடும் என்பதே போதுமான காரணமாக இருக்கிறது. தேவன் எதிர்பார்ப்பது விழுந்தபின் சிந்தும் கண்ணீரை அல்ல, விழுவதற்கு முன் எழுப்பும் சுவரை. பிள்ளைக்கு வண்டி கொடுக்கும் பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் கட்டிய கைப்பிடிச் சுவர் எது?

எண்கள் சொல்லும் துக்கம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 19 பேர். நாம் ஞாயிறு ஆராதனையில் அமர்ந்து எழும்பும் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 38 குடும்பங்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

உங்கள் மகனோடு அமர்ந்து இந்த எளிய கணக்கையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கைபேசியில் வந்த செய்தியைப் பார்க்க இரண்டு வினாடி தலை குனிந்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் விசை இரண்டு மடங்காவதில்லை. ஆற்றல் நான்கு மடங்காகிறது. இது அவன் இயற்பியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய சூத்திரம்தான். அதைச் சாலையோடு சேர்த்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"கர்த்தர் காப்பார்" என்ற சொல்

நம் சபைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கினால் ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் நிறுத்தி, போதகரை அழைத்து ஜெபித்து, அவர் கையால் சாவியைப் பெற்றுக்கொள்கிறோம். எல்லா நன்மையும் தேவனிடத்திலிருந்து வருகிறது என்று அறிக்கையிடும் அருமையான செயல் அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓட்டுநர் உரிமம் இல்லாத பிள்ளைக்காக வாங்கிய வண்டியையும் இப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். "ஐயா, ஜெபம் பண்ணிக் கொடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள்.

தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரை நிறுத்திய பிசாசும் இதைத்தான் சொன்னான். தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். அதற்கு வேதவசனத்தையும் காட்டினான். ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவின் பாதுகாப்பில் அவருக்குச் சந்தேகம் இருந்ததா? இல்லை. பாதுகாப்பை நம்புவது வேறு, அதைப் பரீட்சை பார்ப்பது வேறு என்று அவர் அறிந்திருந்தார். தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டு 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு போவது விசுவாசம் அல்ல.

ஆகவே என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி வண்டிக்காக ஜெபிக்கும்படி அழைக்கும்போது, ஓட்டப்போகிறவர் யார் என்று கேட்பேன். அவருடைய உரிமத்தைக் காட்டும்படி கேட்பேன். உரிமம் இல்லையென்றால் சாவியைப் பெற்றோர் கையிலேயே கொடுத்து, அது கிடைக்கும்வரை பிள்ளை காத்திருக்கப் பொறுமை தரும்படி ஜெபிப்பேன். அதுவும் உண்மையான ஜெபம்தான். இதற்காக யாரும் மனம் வருந்த வேண்டாம். வாலிபப் பிள்ளையின் அடக்க ஆராதனையில் நின்று பேசுவதைக் காட்டிலும், ஆலய வளாகத்தில் ஒரு குடும்பத்தின் வருத்தத்தைச் சம்பாதிப்பது எனக்கு இலகுவானது.

சுதந்தரவாளியும் குறித்த காலமும்

"எல்லாம் அவனுக்குத்தானே, இன்றைக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கும் தகப்பன்மாருக்கு, கலாத்தியர் நான்காம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். சுதந்தரவாளி எல்லாவற்றிற்கும் எஜமானாய் இருந்தும், சிறுபிள்ளையாய் இருக்கும் காலம்வரை விசாரிப்புக்காரருக்குக் கீழ்ப்பட்டிருக்கிறான் என்று பவுல் எழுதுகிறார். எதுவரை? தகப்பன் குறித்த காலம்வரை. காலத்தைக் குறிக்க வேண்டியவன் தகப்பன். பிள்ளையின் நண்பர்களும் கடை விளம்பரமும் பக்கத்து வீட்டாரும் அதைக் குறிக்க விட்டுவிடக் கூடாது.

அதற்காகக் காலம் வரும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பதல்ல. 18-ஆம் பிறந்தநாள் பிள்ளையின் உள்ளத்தில் பொறுப்பைக் கொண்டுவந்து வைப்பதில்லை. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீட்டில் நடந்ததுதான் அன்று வெளிப்படும். தாவீதின் இளமையைப் பாருங்கள். ஈசாய் அவனைப் போர்க்களத்துக்கு அப்பமும் வறுத்த பயறும் கொண்டுபோக அனுப்பினான். அவன் அதிகாலையில் எழுந்து, முதலில் ஆடுகளைக் காவலாளி ஒருவன் வசத்தில் ஒப்புவித்துவிட்டுப் புறப்பட்டான். பாளயத்துக்கு வந்ததும், கொண்டுவந்த பொருட்களை அவற்றைக் காக்கிறவன் வசத்தில் வைத்துவிட்டுத்தான் படையணிக்கு ஓடினான். கோலியாத்தை வென்ற கதையை ஞாயிறு பள்ளியில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். ஆடுகளை அநாதையாய் விட்டுச் செல்லாத அந்தக் காலை வேளையைச் சொல்லித் தந்திருக்கிறோமா? சவுலின் போராயுதங்களைத் தரித்துப் பார்த்தபோதும், இவற்றில் எனக்குப் பழக்கமில்லை என்று அவன் கழற்றி வைத்துவிட்டான். ராஜாவே கொடுத்தாலும், பழகாததை ஏற்க மறுக்கும் தெளிவு அந்த வாலிபனுக்கு இருந்தது.

லூக்கா 16-ல் ஆண்டவர் சொல்லும் வரிசையும் இதுதான். கொஞ்சத்தில் உண்மை, பின்பு அநேகத்தில். வேறொருவனுடைய பொருளில் உண்மை, பின்பு தனக்குச் சொந்தமானதில். நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் சொந்தமாகக் கொடுத்துவிட்டு, பின்பு உண்மையை எதிர்பார்க்கிறோம்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நான் ஆலோசனையாக முன்வைப்பது இது.

பதின்மூன்று, பதினான்கு வயதில்: மிதிவண்டியின் பராமரிப்பு முழுவதும் அவன் கையில் இருக்கட்டும். காற்று, பிரேக், சங்கிலிக்கு எண்ணெய், பூட்டு, எல்லாம் அவனுடைய கவலை. தொலைத்துவிட்டால் உடனே இன்னொன்று வாங்கித் தராதீர்கள். சில மாதங்கள் நடக்கட்டும்.

பதினைந்து, பதினாறில்: தனியே பேருந்தில் போய் வரப் பழகட்டும். பள்ளி மாணவருக்கு நம் மாநிலத்தில் இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது. காத்திருப்பதும், நெரிசலில் முதியவருக்கு இடம் விடுவதும், சொன்ன நேரத்தில் வீடு வந்து சேர்வதும், தாமதமானால் தாமாகவே தகவல் சொல்வதும் ஒரு கல்வி. சொன்ன நேரத்துக்குப் பேருந்தில் வராதவன் சொந்த வண்டியில் வருவான் என்று எப்படி நம்புகிறீர்கள்?

பதினேழில்: வீட்டு வண்டியை ஓட்டாமலே அதன் பொறுப்பை ஏற்கட்டும். வாரம் ஒருமுறை டயரில் காற்று, எஞ்சின் ஆயில், விளக்கு, ஹாரன் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லட்டும். காப்பீடு எப்போது முடிகிறது, புகைச் சான்றிதழ் எப்போது முடிகிறது என்று அவனே நினைவூட்டட்டும். மாதம் பெட்ரோலுக்கு எவ்வளவு, சர்வீஸுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் கணக்கு எழுதட்டும். அந்தத் தொகை தகப்பனின் எத்தனை நாள் கூலி என்பதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பதினெட்டில்: தரகர் மூலமாக அல்ல, முறையாக எல்.எல்.ஆர். எடுக்கட்டும். 30 நாட்கள் கழித்து, எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெறட்டும். கார் என்றால் அந்தப் பழகுகாலத்தில் உரிமம் உள்ள ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். பைக் என்றால் கற்றுத்தருகிறவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. கால் ஊன்றித் தோற்றுவிட்டால், தோற்றதாகவே இருக்கட்டும். பணம் கொடுத்து உரிமம் வாங்கித் தரும் தகப்பன், முதல் நாளிலேயே மகனுக்குப் பொய்யை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான்.

உரிமம் வந்தபின் முதல் ஆறு மாதங்களுக்கு வண்டி தகப்பனுடையதாகவே இருக்கட்டும். மகன் அதைக் கேட்டு வாங்கிச் செல்லட்டும். இரவுப் பயணம், நெடுஞ்சாலை, பின்னிருக்கையில் நண்பர்கள் ஆகிய மூன்றும் அந்த ஆறு மாதத்தில் வேண்டாம். அபராதச் சீட்டு வந்தால் அவனுடைய கைச்செலவுப் பணத்திலிருந்தே கட்டட்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி, குடும்ப ஜெபத்தில் எல்லாரும் கையெழுத்திடுங்கள். எழுதாத நிபந்தனையைக் கண்ணீர் எளிதில் கரைத்துவிடும்.

இன்னொன்றையும் அதே தாளில் எழுதுங்கள். "வழியில் எது நேர்ந்தாலும் முதலில் வண்டியை நிறுத்து, அடிபட்டவரைப் பார், 108-ஐ அழை, பிறகு என்னை அழை. நான் வருவேன்." காயப்பட்டவரை விட்டு ஓடுவது சட்டப்படி குற்றம். ஆனால் பல வாலிபர்கள் ஓடுவது காவல்துறைக்குப் பயந்து மட்டுமல்ல, அப்பாவுக்குப் பயந்தும்தான். வண்டியில் கீறல் விழுந்தாலே அடிக்கிற தகப்பனுக்கு, ஒரு மனுஷன் விழுந்த செய்தியை எந்த மகன் சொல்வான்? கண்டிப்பு வேண்டும். கண்டிப்புக்குப் பின்னால் திரும்பி வரக்கூடிய வீடும் வேண்டும்.

சில மறுமொழிகள்

"எங்கள் ஊரில் பேருந்து இல்லை, டியூஷன் முடிய இரவு எட்டாகிறது" என்று சிலர் சொல்வீர்கள். அது உண்மையான நெருக்கடி. கிராமத்துச் சபைகளில் இதைக் கண்ணாரக் காண்கிறேன். ஆனால் அந்த நெருக்கடிக்குப் பதில் உரிமமில்லாத பிள்ளையின் கையில் சாவி அல்ல. ஒரே தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் போகிறார்கள் என்றால், நான்கு பெற்றோர் வாரத்துக்கு ஒரு முறை மாறிமாறிப் போய் அழைத்துவரலாம். ஒரு ஷேர் ஆட்டோவை மாதக் கணக்கில் பேசலாம். சபை என்பது இதற்கும்தானே? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதைப் பாடல்களில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாது.

"தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார், நான் தனியாகப் பிள்ளையோடு போராட முடியவில்லை" என்று சொல்லும் தாய்மார் உண்டு. சகோதரி, அந்த மறுப்பை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூப்பரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள். மகனோடு உட்கார்ந்து பேச நாங்கள் வருகிறோம். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதிக்கும் தகப்பன், தன் இல்லாமைக்கு ஈடாக விலையுயர்ந்த பைக்கை அனுப்ப நினைப்பது எனக்குப் புரிகிறது. அவருடைய அன்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மகனுக்கு அவர் அனுப்பக்கூடிய மேலான பரிசு, வாரம் ஒருமுறை அவனுடைய கணக்கு நோட்டைக் காணொளியில் பார்த்துக் கேள்வி கேட்பது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மகனுக்கு முன்னதாகவே சாவியைக் கொடுக்கும் நாம், மகளுக்கு 21 வயதாகியும் "உனக்கெதற்கு வண்டி" என்கிறோம். இரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். பொறுப்பு என்பது வயதையும் பழக்கத்தையும் சார்ந்தது. 18 வயது நிரம்பி, மேலே சொன்ன படிகளை எல்லாம் கடந்த மகளுக்கு வண்டியை மறுப்பது பாதுகாப்பு ஆகாது. அவளை எப்போதும் வேறொருவர் வண்டியின் பின்னிருக்கையில் உட்கார வைப்பதாகும்.

முன்னால் போகிறவர் எப்படிப் போகிறார்?

இவை அனைத்தையும் பிள்ளையிடம் எழுதி வாங்கிவிட்டு, நாம் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போனால் பயன் என்ன? சோதனைச் சாவடி தெரிந்ததும் அதைத் தலையில் வைத்து, கடந்ததும் கழற்றுகிறவரைப் பின்னிருக்கையில் அமர்ந்து பத்து வருடமாகப் பார்த்து வளர்ந்தவன் உங்கள் மகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வர் ஒரே பைக்கில், எதிர்த்திசையில், "ஆராதனைக்குத்தானே போகிறோம்" என்று வருகிறோம். தலைக்கவசம் பற்றிய சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் உரியது. தகப்பனாரைப் பார்த்துத்தான் அவன் சாலையைக் கற்றான்.

யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற காவற்காரன், தூரத்தில் வரும் இரதத்தைப் பார்த்து, ஓட்டுகிற விதம் யெகூ ஓட்டுகிற விதம்போல் இருக்கிறது என்றான். முகம் தெரியுமுன்னே ஓட்டுவது தெரிந்தது. நம் வண்டிகளின் முன்னும் பின்னும் சிலுவை அடையாளம் ஒட்டியிருக்கிறோம். ஆண்டவருடைய நாமத்தைக் கண்ணாடி முழுதும் எழுதியிருக்கிறோம். அந்த எழுத்தை வாசிக்குமுன், சிக்னலில் நாம் நின்ற விதத்தை ஊர் வாசித்துவிடுகிறது.

எனவே இந்த வாரம், பிள்ளையோடு பேசுவதற்கு முன், முதலில் நீங்கள் தனியே ஆண்டவரோடு பேசுங்கள். பின்பு பிள்ளையை அழைத்து, மறுப்பதானால் காரணத்தோடு மறுத்துவிடுங்கள். எப்போது, எந்தப் படிகளைக் கடந்தபின் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முன்பு கொடுத்த வாக்கு உங்களை நெருக்குகிறதா? வாக்கை முறிக்க வேண்டியதில்லை. "வண்டி தருகிறேன் என்றேன், தருவேன், 18 வயதும் உரிமமும் ஆனபின் தருவேன்" என்று சொல்லலாம். ஒரு வருடம் காத்திருப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை.

வாலிபத் தம்பி, தங்கையே, இதை உங்கள் பெற்றோர் வாசிக்கச் சொல்லி நீங்கள் வாசித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. வழியோரத்தில் குற்றுயிராய்க் கிடந்தவனை நல்ல சமாரியன் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றிக்கொண்டு போனான் என்று லூக்கா எழுதுகிறார். அவனை ஏற்றிவிட்டுச் சமாரியன் எப்படி வந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்; பக்கத்தில் நடந்துதான் வந்திருக்க வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் வண்டி வரும். அன்று அதில் யாரை ஏற்றப்போகிறீர்கள்? காலை ஆராதனைக்கு வர வழியில்லாத பாட்டியையா, மருத்துவமனைக்குப் போகவேண்டிய அண்டை வீட்டாரையா? அந்த நாளுக்காக இப்போதே ஆயத்தப்படுங்கள். காத்திருக்கும் இந்த வருடமும் அந்த ஆயத்தத்தில் ஒரு பகுதிதான்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளை எங்கள் கையில் ஒப்புவித்திருக்கிறீர். கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கவும், மறுக்க வேண்டிய நேரத்தில் அன்போடு மறுக்கவும் எங்களுக்கு ஞானம் தாரும். எங்கள் நடையைப் பார்த்துக் கற்கும் பிள்ளைகளுக்கு முன்பாக எங்களை உண்மையுள்ளவர்களாய் நடத்தும். இன்று சாலைகளில் செல்லும் ஒவ்வொருவரையும், தெருவில் நடந்துபோகும் எளியவர்களையும் காத்தருளும். பிள்ளையை இழந்து தவிக்கும் பெற்றோரை ஆறுதல்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.